மனமுவந்து எழுதிக் கொடுத்தது

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், வாசலைப் பார்த்தபடி, பெரியவர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டி, கம்பெனி வக்கீல். சமையலறை நிலைப்படியில் முக்காலி போட்டு, பாதி உடம்பு உள்ளேயும் பாதி உடம்பு வெளியேயுமாகப் பெரியவரின் மனைவி. தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். சுவரோரக் கட்டிலின் நுனியில் பெரியவரின் தங்கை, ஓய்வு பெற்ற டீச்சர். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், வீட்டின் இளைய மருமகள். ஆஸ்பத்திரியில் மருந்தாளர்; வீட்டில் எல்லோருக்கும் சின்னவள்.

மேசைக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலி சர்வேயருடையது. அதில் சுரங்கக் கம்பெனியின் ஆண்டறிக்கைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சர்வேயர், பெரியவரின் தம்பி, சின்னவளின் கணவர். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில், செம்புச் சுரங்கத்தில் மாதாமாதம் எவ்வளவு வெட்டினார்கள் என்று அளந்து கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்த நாட்டில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்ததும், சுரங்கத்தின் உரிமத்தை ரத்து செய்ததும், வெட்டியதைக் குறைத்துக் காட்டி அரசை ஏமாற்றியதாகக் கம்பெனி மேல் வழக்குப் போட்டதும், காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது என்று சர்வேயரைப் பிடித்து உள்ளே வைத்ததும் விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் போதும். அந்தக் கம்பெனியின் பங்குகளில்தான் இந்த வீட்டின் மொத்தப் பணமும் கிடக்கிறது. வீட்டுப் பத்திரம் அடகில் இருக்கிறது. டீச்சர் ஓய்வு பெற்றபோது வந்த தொகை முழுவதும் அதில்தான். தெருவில் பாதி வீட்டின் சேமிப்பும் பெரியவர் கை வழியாக அங்கேதான் போனது. இப்போது அந்தப் பங்கை விற்கவும் முடியாது. சந்தையில் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

பெரியவர் முட்டாள் அல்ல. ஆண்டறிக்கையை வரி வரியாகப் படித்தவர். செம்பின் விலையைத் தினமும் பார்த்தவர். மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. மண்ணுக்கு மேலே யார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள் என்பதற்கு மட்டும், தம்பியின் ஞாயிற்றுக்கிழமைப் போனையே நம்பினார்.

"அங்க எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேண்ணே."

அந்த நாட்டைப் பற்றிப் பெரியவர் விசாரித்த அரசியல் நிலவரம் அவ்வளவுதான். போனில் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது இந்த வீட்டின் சட்டம். போட்டவரும் அவரே. "தூரத்துல இருந்துக்கிட்டு அழுதா யாருக்கு என்ன லாபம்?" என்பார். காய்ச்சலில் கிடந்தபோதும் சர்வேயர் நல்லாத்தான் இருந்தார். ஊரடங்கில் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தபோதும் நல்லாத்தான் இருந்தார். அந்த வாரம் பங்கு விலை சரிந்தது. தம்பி நல்லாத்தான் இருக்கிறான் என்று பெரியவர் இன்னும் வாங்கினார். "ஆட்சி மாறினா என்ன, செம்பு இரும்பாவா மாறிடும்?" என்று தெருவையும் வாங்க வைத்தார்.

வக்கீல் ஒரு காகிதத்தை மேசையில் வைத்து, ஒற்றை விரலால் சின்னவள் பக்கம் தள்ளினார்.

"படிச்சுப் பாருங்கம்மா. அவசரமில்ல. சாயங்கால கூரியர்ல போனாப் போதும்."

"அப்படின்னா அவசரம்தான்," என்றார் ரேடியோ.

சின்னவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் படித்தாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போலத்தான் எதையும் படிப்பாள்: முதலில் யாருக்கு, பிறகு என்ன, பிறகு எவ்வளவு. இரண்டு தரம் படித்தாள். காகிதத்தில் அவள் எழுதியதாக இப்படி இருந்தது: 'என் கணவர் சுரங்கத்தின் அளவு விவரங்களைக் கம்பெனிக்குத் தெரியாமல் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி வந்தார். அதை வைத்து எங்கள் குடும்பம் பங்குகள் வாங்கியது. இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி மனமுவந்து எழுதிக் கொடுக்கிறேன்.'

"இது பொய்," என்றாள்.

"எது பொய்னு சொல்லுங்க, திருத்திடலாம்." வக்கீலின் குரலில் நிஜமான பணிவு இருந்தது. "அவர் ஞாயித்துக்கிழமை பேசுவாரா?"

"பேசுவார்."

"சுரங்கத்தைப் பத்திப் பேசுவாரா?"

"மழை பெஞ்சு குழியில தண்ணி நிக்குது, பூட்ஸ் கிழிஞ்சு போச்சுன்னு சொல்வார்."

"குழியில தண்ணி நிக்கிறதும் விவரம்தானேம்மா. அதுக்கப்புறம் பங்கு வாங்கினீங்களா?"

சின்னவள் பெரியவரைப் பார்த்தாள். பெரியவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பங்குகள் இரண்டு பேர் பெயரில் இருந்தன, பெரியவரும் சின்னவளும். சம்பளக்காரப் பெண்ணின் பெயர் சேர்ந்திருந்தால் நல்லது என்று பெரியவர் பங்கு வாங்கிய அன்று படிவத்தை நீட்டியபோது, சீட்டில் ஒரு புள்ளி தவறினாலும் டாக்டரிடம் திருப்பி அனுப்புகிறவள், வீட்டுப் பெரியவர் நீட்டியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"நான் எப்படி சார் எதிர்பார்ப்பேன்?" என்றார் பெரியவர் விசிறியிடமே. "ராணுவம் வரும்னு யாருக்குத் தெரியும்?"

வக்கீல் எட்டி, சர்வேயரின் நாற்காலியிலிருந்து ஓர் ஆண்டறிக்கையை எடுத்தார். தேடாமலே பக்கத்தைத் திறந்தார். "'சுரங்கம் அமைந்துள்ள நாட்டில் ஆட்சி மாற்றம், உரிம ரத்து, சொத்துப் பறிமுதல் ஆகியவற்றால் நேரும் இழப்பு பங்குதாரரையே சாரும்.' வருஷா வருஷம் போடறோம் சார்."

"அது எல்லாக் கம்பெனியும் போடறதுதானே."

"ஆமா சார். எல்லா வருஷமும் நடக்கறதில்ல."

"கம்பெனிக்கு மட்டும் நஷ்டமில்லையாக்கும்?" என்றார் ரேடியோ.

"எந்திரத்துக்கெல்லாம் அரசியல் காப்பீடு இருக்கும்மா. லாரி, அரைவை மெஷின், எல்லாத்துக்கும்."

"அளக்கறவருக்கு?" என்றாள் சின்னவள்.

"அவர் ஒப்பந்த ஊழியர்."

சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் கூடம்வரை கேட்டது.

"இதை நான் குடுத்தா அங்க என்ன ஆகும்?"

"தப்பு கம்பெனியோடது இல்ல, ஒரு தனி ஆள் தன் லாபத்துக்குச் செஞ்சதுன்னு ஆகும். அந்த அரசாங்கத்துக்கும் கௌரவமா ஒரு முடிவு வேணும் பாருங்க. உரிமம் திரும்பி வரும். உங்க பங்கைக் கம்பெனியே பழைய விலைக்கு வாங்கிக்கும். தெருக்காரங்களோடதையும் சேர்த்து. எழுத்துலயே தர்றோம்."

"அந்தத் தனி ஆள்?"

"அவரைக் கம்பெனி கைவிடாது."

"அது எழுத்துல இருக்கா?"

வக்கீல் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தார். "சிலதை எழுத்துல வைக்கிறது அவருக்கே நல்லதில்லம்மா."

"பணம் எழுத்துல, ஆள் வாயில," என்றார் ரேடியோ. "பரவாயில்ல, எங்க வீட்டுக்குத் தகுந்த ஏற்பாடுதான்."

"நீ உள்ள போ," என்றார் பெரியவர்.

"பாதி உள்ளதான் இருக்கேன்."

சின்னவள் காகிதத்தை மேசையில் வைத்து, விளிம்பு மேசையின் விளிம்போடு ஒட்டும்படி நேராக்கினாள். "இன்னைக்கு அவரைப் பேச விடறாங்க. நானே கேக்கறேன். அவர் போடுன்னு சொன்னா போடறேன். அவர் சொல்லாம பேனாவைத் தொட மாட்டேன்."

சிறையிலிருந்து சர்வேயருக்குக் கிடைத்த முதல் அனுமதி அது. தூதரகம் வழியாக ஒரே ஓர் அழைப்பு, கொஞ்ச நேரம். அது பெரியவரின் போனுக்குத்தான் வரும். இந்த வீட்டில் எந்தப் படிவத்திலும் தொலைபேசி எண் என்ற இடத்தில் பெரியவரின் எண்ணைத்தான் எழுதுவார்கள். கேஸ் இணைப்பிலும் அதுதான். டீச்சரின் கண் ஆபரேஷனுக்கும் அதுதான். சர்வேயர் கம்பெனியில் சேர்ந்தபோது 'அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்' என்ற கட்டத்திலும் மனைவியின் எண்ணை எழுதத் தோன்றவில்லை. சிறைக்காரர்கள் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தார்கள்.

"மத்தியானத்துக்கு மேலதான் வரும்," என்றார் பெரியவர். "நீ ஆஸ்பத்திரிக்குப் போய் உன் வேலையை முடிச்சுட்டு வா."

சின்னவளிடம் ஓர் அலமாரியின் சாவி இருந்தது. கடும் வலிக்கான மருந்துகள் உள்ள அலமாரி. அந்தச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. நேரில் போய், மருந்தை எண்ணிக் காட்டி, கைமாற்ற வேண்டும். தெருமுனை தாண்டினால் ஆஸ்பத்திரி.

"முன்னாடியே வந்துட்டா பேச்சை இழுத்துப் பிடிங்க மாமா. எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தா ஓடி வந்துடறேன்."

"போயிட்டு வாம்மா."

டீச்சர் கட்டில் நுனியில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். முற்பகலில் அழைப்பு வரும் என்று தூதரகம் முதல் நாளே செய்தி அனுப்பிவிட்டது. கண்ணாடி இல்லாத அண்ணனுக்கு அதைப் படித்துக் காட்டியதே டீச்சர்தான்.

சின்னவள் செருப்பை மாட்டும்வரை டீச்சர் காத்திருந்தார், அண்ணன் திருத்திச் சொல்வார் என்று. கதவு சாத்தப்பட்டது.

வக்கீல் காரில் போய் உட்கார்ந்து போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கினார். மெஷின் நின்றதும் ரேடியோ ஈரத்துணியை வாளியில் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனார். கூடத்தில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

"அந்த பிளாட்காரன் என்ன சொல்றான்?" என்றார் பெரியவர்.

"மாசக் கடைசிக்குள்ள மீதியைக் கட்டலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவானாம். முன்பணமும் வராதாம்."

ஒரே அறையும் ஒரு குளியலறையும் கொண்ட பிளாட் அது. டீச்சர் பிறந்தது அப்பா வீட்டில், வேலை பார்த்த காலமெல்லாம் விடுதி அறைகளில், இப்போது அண்ணன் வீட்டின் பின்னறையில். பின்னறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது; துணி பெட்டி எடுக்க யாராவது வந்து போவார்கள். பிளாட்டைப் பார்க்கப் போன அன்று டீச்சர் ஜன்னலையும் பார்க்கவில்லை, தண்ணீர்க் குழாயையும் திருகவில்லை. வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே கொஞ்ச நேரம் நின்றார். தரகர் வெளியிலிருந்து தட்டினார். யார் என்று கேட்டார் டீச்சர். அப்படிக் கேட்டது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"எனக்கு மட்டும் என்ன," என்றார் பெரியவர். "என் பேச்சைக் கேட்டுப் பங்குல போட்ட எலெக்ட்ரீஷியன் வந்து என் சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டான். எங்கடா கொண்டு போறேன்னு கேட்டா, இது வட்டிங்கறான். நேத்து அவன் பொண்டாட்டி அதுல குடம் வெச்சுத் தள்ளிட்டுப் போறா, என்னைப் பாத்து மணி அடிக்கிறா."

போன் அடித்தது.

பெரியவருக்கு இடது காது மந்தம். போனில் ஒலியைக் கடைசிவரை ஏற்றித்தான் வைத்திருப்பார். எதிரே இருப்பவருக்கும் எல்லாம் கேட்கும்.

"அண்ணே, நேரம் ரொம்பக் குடுக்கல. அவளைக் குடுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காடா. நீ எப்படி இருக்க?"

டீச்சர் பதிலை மனதுக்குள் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நல்லாத்தான் இருக்கேண்ணே.

"நல்லா இல்லண்ணே," என்றது குரல்.

அந்த போனில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"கால் வீங்கிக் கிடக்கு. தூங்க விடறதில்ல. அதை விடுங்க. கம்பெனி ஆளு யாராவது வீட்டுக்கு வந்தா எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. குறைச்சுக் காட்டச் சொன்னதே அவங்கதான். கோர்ட்டுல சொல்லப் போறேன். இப்ப என் தலையில தள்ளிட்டாங்கன்னா நான் வெளியவே வர மாட்டேண்ணே. கேக்குதா?"

"கேக்குது."

"அவகிட்ட சொல்லிடுங்க, போடவே கூடாதுன்னு. அக்கா இருக்காளா?"

டீச்சர் கையை நீட்டினார்.

பெரியவர் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "யாரும் இல்லடா. உடம்பைப் பாத்துக்க."

"அண்ணே, இன்னும் நேரம் இருக்கு, வெச்சுடாதீங்க..."

பெரியவர் பொத்தானை அழுத்தினார்.

நீட்டிய கையை டீச்சர் உடனே மடக்கவில்லை. அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். தம்பி என்று கூப்பிட்டிருந்தால் போதும், அவனுக்குக் கேட்டிருக்கும். ஏன் கூப்பிடவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்வதற்குள் அண்ணன் கேட்டார்.

"உனக்கு என்ன கேட்டுச்சு?"

வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி. பதில் தெரிந்த பிள்ளை எப்படித் தரையைப் பார்க்கும் என்பதும் டீச்சருக்குத் தெரியும். தரையைப் பார்த்தார்.

"மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. ஒண்ணும் சரியா விழல."

மெஷின் நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. மாடியில் ரேடியோ துணியை உதறுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்ப சரி," என்றார் பெரியவர். போனைச் சட்டைப் பையில் போடப் போய், இரண்டு தரம் தவறிவிட்டது.

சின்னவள் மூச்சிரைக்க வந்தாள். வக்கீலும் பின்னாலேயே படியேறினார்.

"தூதரகத்துக்கு போன் பண்ணேன். முற்பகல்லயே வரும்னு நேத்தே உங்களுக்குச் சொன்னாங்களாமே மாமா."

"கண்ணாடி இல்லாமப் படிச்சேன்மா. தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். இப்பத்தான் பேசிட்டு வெச்சான். இழுத்துத்தான் பாத்தேன், கட்டாயிடுச்சு."

சின்னவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள். முதல் தடவையாக அது அவள் மடியைவிட்டு இறங்கியது.

"எப்படி இருக்காராம்?"

"நல்லாத்தான் இருக்கேன்னான்."

"கையெழுத்து?"

"போட்டுடச் சொன்னான். கம்பெனி பாத்துக்கும்னு அவன்கிட்டயும் சொல்லியிருக்காங்க போல."

வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றி, காகிதத்தின் பக்கத்தில் வைத்தார்.

சின்னவள் பேனாவைப் பார்க்கவில்லை, பெரியவரையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய் டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, மாமா போன்ல பேசினா தெருவுக்கே கேக்கும். நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"மாமா சொல்றதை நான் எடுத்துக்க மாட்டேன். மன்னிச்சுக்கங்க மாமா. நீங்க சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னாப் போட்டுடறேன்."

பெரியவர் விசிறியைப் பார்த்தார்.

டீச்சரும் சின்னவளும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை தடித்துப் பேசிக்கொண்டதில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டவள் சின்னவள். இமையைப் பிரிக்கிற அந்த விரல்கள் எவ்வளவு மெதுவாக இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியும். இப்போது அதே விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தன, நாடி பார்ப்பது போல.

"போடத்தான் சொன்னான்," என்றார் டீச்சர்.

"நிஜமாவா?"

"ம்."

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டான். எடுத்ததுமே உன்னைத்தான் கேட்டான். அவளைக் குடுங்கன்னான்."

அந்த போனைப் பற்றி டீச்சர் சொன்னதில் நிஜம் அது ஒன்றுதான். அந்த நிஜத்தைக் கேட்டுத்தான் சின்னவளின் முகம் இளகியது. அதனால்தான் மற்றதையும் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இந்த 'மனமுவந்து' மட்டும் எடுத்துடலாமா சார்?"

"அதை எடுத்தா மத்த எதுவும் செல்லாதும்மா."

போட்டாள். கையெழுத்தின் கீழே, மருந்துச் சீட்டில் போடுகிற பழக்கத்தில், நேரத்தையும் குறித்தாள். வக்கீலுக்கு அது பிடித்திருந்தது. சாட்சி என்ற இடத்தை டீச்சருக்குக் காட்டினார்.

டீச்சரின் கையெழுத்து வழக்கம்போல முத்து முத்தாக விழுந்தது.

"இதை நான் எடுத்துட்டுப் போகக் கூடாது," என்றார் வக்கீல் எழுந்து. "நாங்க எழுதி வாங்கினோம்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க. நீங்களே உறையில போட்டு, உங்க முகவரியிலிருந்து, அந்த நாட்டுக் கோர்ட்டுக்கு நீங்களே அனுப்பணும். அனுப்பின ரசீது நம்பரைச் சொன்னீங்கன்னா உங்க பணத்துக்கான வேலையை ஆரம்பிச்சுடுவோம்."

மாடியிலிருந்து காலி வாளியோடு இறங்கிய ரேடியோ கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "என்ன, எல்லாரும் பொண்ணு பார்த்துட்டுப் போன வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க. போன் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார் பெரியவர். "நல்லாத்தான் இருக்கான்."

"அவன் எப்ப நல்லா இல்லேன்னு சொல்லியிருக்கான்?" என்றார் ரேடியோ.

டீச்சர் உறையின் மேல் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்.

சாவியைத் திரும்ப வாங்க வேண்டிய சின்னவள் வாசல்வரை டீச்சரோடு சேர்ந்தே வந்தாள். கூரியர் அலுவலகம் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி மறு பக்கம்.

"அண்ணி, நாளைக்கு உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கா?"

"எனக்கு என்ன வேலை."

"சிறையிலிருந்து வர்ற பேச்சையெல்லாம் பதிவு பண்ணுவாங்களாம். தூதரகத்துல சொன்னாங்க. நாளைக்கு நேர்ல வந்தா கேக்க விடறாங்களாம். பேசத்தான் குடுத்து வைக்கல, அவர் குரலையாவது கேட்டுட்டு வரலாம். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. கூட வர்றீங்களா?"

உறை டீச்சரின் கையில் இருந்தது. இன்னும் ஒட்டவில்லை.

"வர்றேன்," என்றார் டீச்சர்.

சின்னவள் அவர் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு வேகமாக நடந்தாள். திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள்.

டீச்சர் நேராகப் போய்விடவில்லை. தெருவில் எலெக்ட்ரீஷியன் கடைக்கு எதிரே ஒரு நிழலில் நின்றார். கிழித்துப் போட்டால் முடிந்தது. கிழித்துவிட்டுத் திரும்பி நடந்து ஆஸ்பத்திரி ஜன்னலில் குனிந்து, அவன் போடாதே என்றான் என்று சொன்னால், சின்னவள் அழுவாள், கட்டிப் பிடித்தும் கொள்வாள். பிறகு மாசக் கடைசி வரும். பிளாட் வேறு ஆளுக்குப் போகும். பின்னறைக்கு யாராவது துணி பெட்டி எடுக்க வந்து போவார்கள், சாகும்வரை.

கிழிக்காவிட்டால், நாளைக்கு அந்தப் பதிவில் எல்லாம் இருக்கும். நல்லா இல்லண்ணே. போடவே கூடாது. யாரும் இல்லடா. அப்போது பக்கத்து நாற்காலியில் டீச்சர் இருக்க வேண்டும். கூட வர்றேன் என்று சொல்லியாகிவிட்டது.

ஆனால் பதிவு நாளைக்கு. கடிதம் இன்றைக்கு.

கூரியர் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். உறையை வாங்கி எடை போட்டாள்.

"உள்ள என்னம்மா?"

"காகிதம்."

"மதிப்பு ஏதாவது போடணுமா? தொலைஞ்சா நஷ்டஈடு கிடைக்கும்."

டீச்சர் யோசித்தார். பின்னால் நின்றவர் இருமினார்.

"வேண்டாம். வெறும் காகிதம்தான்."

"இன்னும் ஒட்டலயே. நான் ஒட்டட்டுமா?"

"குடு, நானே ஒட்டறேன்."

டீச்சர் மேல்தாளை உரித்து, மடிப்பை மடக்கி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரல் முட்டியால் அழுத்திக்கொண்டே போனார். கோணல் இல்லாமல் படிந்தது. அந்தப் பெண் அதன்மேல் சீட்டை ஒட்டி, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னாலிருந்த பையில் போட்டாள்.

"வண்டி எப்பம்மா கிளம்பும்?"

"இப்ப வந்துடும். ஏன், திரும்ப வாங்கணுமா? வண்டியில ஏத்தற வரைக்கும் வாங்கிக்கலாம்."

"வாங்க வேண்டாம்," என்றார் டீச்சர். "போயிடுச்சான்னு பாத்துட்டுப் போறேன்."

சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார். இவ்வளவு பொறுப்பாக அனுப்புகிறவர்களை அந்தப் பெண் பார்த்ததில்லை போலும். சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வண்டி வந்தது. பையின் வாயைக் கட்டி, ஒருவன் தூக்கி உள்ளே எறிந்தான். கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினான். வண்டி பின்வாங்கி, சாலையில் ஏறி, திருப்பத்தில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு டீச்சர் எழுந்தார். ரசீதை எடுத்து, பெரியவரை போனில் கூப்பிட்டு, அவர் வக்கீலிடம் சொல்ல வேண்டிய நம்பரை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.